ராம்நாட்டில் இறங்கலாமா, நேராக ராமேஸ்வரம் தீவுக்கே போய்விடலாமா?

9.11.2025, காலை (கேள்வி, கரூரிலிருந்து)

டிசம்பர் கடைசி வாரத்தில் இரண்டு நாள் கிடைத்திருக்கிறது. அம்மா (72 வயது, முழங்கால் வலி), மனைவி, இரண்டு பிள்ளைகள். ராமேஸ்வரம் கோயில், தனுஷ்கோடி, கலாம் நினைவிடம் என்று எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் சொல்கிறார்கள். ராமநாதபுரம் ஊரில் பார்க்க ஒன்றும் கிடையாது, பஸ் மாறுகிற இடம், அவ்வளவுதான் என்கிறார் ஆபீஸ் நண்பர். பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பார்க்காவது இருக்கிறதா? உள்ளூர்க்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.

9.11.2025, இரவு

உங்கள் நண்பரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர்க்காரர்களே அப்படித்தான் பேசுவார்கள். கேணிக்கரையில் பிறந்து வளர்ந்தவனை நிறுத்திக் கேளுங்கள், "இங்க என்ன இருக்கு, ராமேஸ்வரம் போங்க" என்று கிழக்கே கையைக் காட்டுவான். நான் அந்தக் கட்சி இல்லை. ராம்நாட்டிலேயே ரூம் போடுங்கள். முதலில் அரண்மனையைப் பாருங்கள். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் என்றால், இந்தக் கடற்கரையில் நீங்கள் பார்க்கப் போகிற இடங்களில் பாதிக்குப் பின்னால் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி அரசர்கள் நிற்கிறார்கள். ராமேஸ்வரம் பிரகாரம் அவர்கள் கட்டியது. குந்துகாலில் விவேகானந்தரை வரவேற்றவர் ஒரு சேதுபதி. கீழக்கரை சீதக்காதி ஒரு சேதுபதியின் நெருங்கிய நண்பர். ஓரியூர் கதை நடந்ததும் ஒரு சேதுபதியின் உத்தரவால். அந்த வீட்டுக்குள் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பினால் மற்ற இடங்கள் தனித்தனியாக நிற்காது.

அரண்மனையில் பார்க்க வேண்டியது ராமலிங்க விலாசம் என்கிற மண்டபம். ஆட்டோவில் ஏறி அந்தப் பேரைச் சொன்னால் சிலர் கோயில் எதுவோ என்று யோசிப்பார்கள். "அரண்மனை" என்றால் கடைத்தெருவில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். "அரண்மனை மியூசியம்" என்று சொல்லுங்கள். தொல்லியல் துறை வசம் இருக்கிறது. எந்தக் கிழமை லீவு என்பதை ரூமிலேயே விசாரித்துக்கொண்டு போங்கள்.

9.11.2025, இன்னும் கொஞ்சம்

உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டேன். கிழவன் சேதுபதி என்று ஊர் சொல்கிற ரகுநாத சேதுபதி, போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவர். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த மண்டபத்தைக் கட்டினார். அவருக்கு அப்புறம் வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில், அதாவது 1700-களின் தொடக்கத்தில், சுவர், விதானம், வளைவு என்று ஓர் இடம் விடாமல் ஓவியம் தீட்டினார்கள். ராமாயணம், கண்ணன் கதை, தஞ்சாவூர் மராத்தியரோடு நடந்த சண்டை, ராஜராஜேஸ்வரி அம்மன் கையால் அரசர் செங்கோல் வாங்குவது, ஐரோப்பியர்கள் வந்து அரசரைச் சந்திப்பது. சில படங்களுக்குக் கீழே தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருக்கும்.

பிள்ளைகளிடம் "தொப்பி போட்ட வெள்ளைக்காரன் எங்கே இருக்கிறான், கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். என் அக்கா மகனை அப்படித்தான் சமாளித்தேன். இல்லாவிட்டால் ஐந்தாவது நிமிடமே "போலாமா மாமா" தொடங்கிவிடும்.

10.11.2025

பார்க் கேட்டீர்களே. ஊஞ்சலும் சறுக்குமாக ஊரில் சின்னப் பூங்கா உண்டு. அதற்காகக் கரூரிலிருந்து வர வேண்டாம், உங்கள் ஊரிலேயே இதைவிட நன்றாக இருக்கும்.

எங்கள் பெரிய பூங்கா தண்ணீருக்குள் கிடக்கிறது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. 1986-ல் அறிவித்தார்கள். பரப்பு 560 சதுர கி.மீ., ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக 21 தீவுகள். அதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இப்போது கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று வருஷக்கணக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். பாறைதான் அலையைத் தடுத்துக்கொண்டிருந்தது. அது போனதும் மணல் நிற்கவில்லை.

பிள்ளைகளுக்கு இதில் எதைக் காட்ட முடியும்? பாம்பன் பக்கம் குந்துகாலிலிருந்து வனத்துறை குருசடைத் தீவுப் பக்கம் படகு விடுகிறது. கண்ணாடி வழியாக அடியில் பவளம் தெரியும். காற்று அடித்தால் விடமாட்டார்கள், அதில் கெஞ்சிப் பிரயோஜனம் இல்லை. அப்படி நடந்தால் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். 1947-ல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு ஒரு காலத்தில் தலைமையகமே மண்டபத்தில்தான். தலைமையகம் பிறகு கொச்சிக்குப் போனது.

வெறுமனே மணலில் உருள வேண்டும் என்றால் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் அரியமான். சவுக்கு நிழல் உண்டு, அலை குறைவு. அம்மாவுக்கும் உட்கார இடம் கிடைக்கும்.

12.11.2025

"அந்த ஓவியமெல்லாம் மங்கிப் போச்சு, பாதி உதிர்ந்து போச்சு, ஏமாந்துதான் வருவீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சில இடங்களில் மங்கல்தான், ஒத்துக்கொள்கிறேன். உள்ளே வெளிச்சமும் குறைவு. ஆனால் கண் பழக இரண்டு நிமிடம் கொடுக்க வேண்டும். வெளியே ராம்நாட்டு வெயிலில் நின்றுவிட்டு உள்ளே நுழைந்தவுடன் இருட்டு என்று திரும்பிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். மாடிக்கும் ஏறிப் பாருங்கள். கீழே போரும் அரசவையும் என்றால், மாடியில் அந்தப்புரமும் நீர் விளையாட்டுமாக அரசரின் வீட்டு வாழ்க்கை.

பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையாக அழைத்துப் போய், வாளையும் ஈட்டியையும் மட்டும் காட்டித் திரும்பக் கூட்டி வந்துவிட்டார்கள். அண்ணாந்து பார்க்கச் சொல்ல யாருமில்லை. வேலைக்கு வெளியூர் போய், அங்கே ஒரு நண்பர் உங்கள் ஊர் ஓவியம் பற்றிப் பேசப் போய், லீவில் வந்து பார்த்ததுதான் எனக்கு முதல் தடவை மாதிரி.

12.11.2025, மதியம்

இன்னொருவர் கொஞ்சம் சூடாகவே கேட்டிருக்கிறார்: "அருளானந்தரைக் கொன்ற கிழவன் சேதுபதிக்கு இவ்வளவு பாராட்டா?"

பாராட்டவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. அருளானந்தர் என்பது போர்ச்சுகலிலிருந்து வந்த கிறிஸ்தவத் துறவி ஜான் டி பிரிட்டோவின் தமிழ்ப் பேர். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலையை வெட்டினார்கள். உத்தரவு கிழவன் சேதுபதியுடையது. மறவர் சீமையில் தடியத் தேவர் என்ற இளவரசர் கிறிஸ்தவத்துக்கு மாறினார். ஒரு மனைவியோடு மட்டும் இருக்க வேண்டும் என்று மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப் பெண். அங்கே தொடங்கியது. குடும்ப மானம், வாரிசு அரசியல், மதம் மூன்றும் ஒரே முடிச்சாகிவிட்டது. 1947-ல் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது. ஓரியூரில் இன்றும் செம்மண்ணை எடுத்துக்கொண்டு போகிறார்கள், அவருடைய ரத்தத்தால் சிவந்தது என்ற நம்பிக்கையில். இந்துக்களும் வருகிறார்கள். என் பெரியம்மா பிள்ளை வரம் கேட்டுப் போய் வந்தவர். அவர் வீட்டுப் பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் அந்த மண் பொட்டலம் இருந்தது.

அதே கிழவன் சேதுபதிதான் கீழக்கரை மரைக்காயர் சீதக்காதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டவர். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்கிறோமே, அவர்தான். ஒரு முஸ்லிம் வணிகரோடு உயிர் நட்பு, ஒரு கிறிஸ்தவத் துறவிக்கு மரண தண்டனை, ராமநாத சுவாமிக்குத் திருப்பணி, எல்லாம் ஒரே ஆள். நல்லவரா கெட்டவரா என்று என்னால் ஒரு வரியில் முடிக்க முடியவில்லை. அரண்மனையில் நிற்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகத்தான் அங்கே முதலில் போகச் சொல்கிறேன்.

(ஓரியூர் திருவாடானைப் பக்கம். உங்கள் இரண்டு நாளில் அடங்காது.)

15.11.2025

கீழக்கரைக்கு ஒரு மாலை ஒதுக்க முடியுமா? ராம்நாட்டிலிருந்து அரை மணி நேரம்தான். பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல் தூண்களைப் பார்த்தால் பெருமாள் கோயில் மண்டபமோ என்று தோன்றும். பூவும் கொடியுமாகச் செதுக்கியிருக்கிறார்கள், உருவம் மட்டும் கிடையாது. தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள், வாசலில் இருக்கும் பெரியவரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பெண்களுக்கு எதுவரை அனுமதி என்பதையும் அவரே சொல்வார்.

அப்புறம் தொதல். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மாவும் சேர்த்து மணிக்கணக்காகக் கிண்டுவது. அல்வா என்று நினைத்து வாயில் போடாதீர்கள், பல்லோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் வகுப்புத் தோழன் வீட்டு உம்மா கிண்டும்போது நாங்கள் காக்கா (அண்ணன்), தம்பி என்று முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே அடுப்பங்கரை வாசலில் காத்துக் கிடப்போம். பெரிய சட்டியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்பதற்குத்தான் சண்டை. கடைத் தொதலில் எண்ணெய் கொஞ்சம் தூக்கல் என்பது என் அபிப்பிராயம். கீழக்கரைக்காரர்கள் அடிக்க வரலாம்.

18.11.2025

அம்மா ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடியே தீர வேண்டும் என்கிறார்களாம். என் யோசனை: வேண்டாம். ஈரக் கருங்கல் தரை, தள்ளுகிற கூட்டம், நனைந்த சேலை, வாளித் தண்ணீர் தலையில். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதைவிடப் பொல்லாத தரை கிடையாது. அக்னி தீர்த்தத்தில் காலை நனைத்து, தலையில் தெளித்துக்கொண்டு தரிசனம் செய்தால் போதாதா? என் அம்மாவிடம் இதைச் சொல்லி நான் ஜெயித்ததில்லை, அது வேறு விஷயம். பிடிவாதம் பிடித்தால் ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் உங்கள் மனைவி, கை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பிரகாரத்தை மட்டும் அவசரப்படாமல் சுற்றுங்கள். 1212 தூண் என்று கணக்கு. அதை முடித்தவர் முத்துராமலிங்க சேதுபதி. 1795-ல் கிழக்கிந்தியக் கும்பினியார் அவரைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் போட்டார்கள், சிறையிலேயே இறந்தார். பிரகாரத்தைப் படமெடுக்கிற ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், கோயிலுக்குள் செல்போன் கிடையாது.

18.11.2025, பின்குறிப்பு

மரகத நடராஜர் பற்றிக் கேட்டவருக்கு: உத்தரகோசமங்கையில் அவர் வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பில்தான் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் களைவார்கள். அந்தக் கூட்டத்தில் வயதானவர்களை அழைத்து வராதீர்கள். சாதாரண நாளில் வந்தால் கோயில் உங்களுடையது. தாழம்பூவைச் சிவனுக்குச் சூட்டக்கூடாது என்பார்கள், இங்கே சூட்டுகிறார்கள். மாணிக்கவாசகர் பாடிய ஊர்.

23.11.2025

தனுஷ்கோடி. எல்லோரும் எழுதுகிற இடம் என்பதால் தள்ளிப்போட்டேன்.

2017-க்கு முன்னால் மணலில் வேன் போகும். உள்ளே இருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, தலை கூரையில் இடித்துப் போய்ச் சேர்வோம். இப்போது அரிச்சல்முனை வரை தார் ரோடு. உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு அந்த ரோடு பெரிய வரம். ஆனால் ரோடு வந்ததும் நிறையப் பேர் நேராக முனைக்குப் போய், நான்கு சிங்கத் தூண் முன்னால் செல்ஃபி எடுத்து, திரும்பும்போது இடிந்த சர்ச்சை ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் சொல்வது தலைகீழ். முனையில் பத்து நிமிடம் போதும். சர்ச், ரயில்வே கட்டடங்கள், மீனவர் குடிசைகள் இருக்கிற பழைய ஊரில் இறங்கி நடங்கள்.

1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் ஊருக்குள் நுழையுமுன் அலையில் போய்விட்டது. அதற்கு முன்னால் அது சும்மா ஒரு மீனவக் குப்பம் இல்லை. சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து, கப்பல் மாறி, தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில் பிடிக்கலாம். கொழும்புக்குப் போகிற வாசலாக இருந்த ஊர். எங்கள் தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தவர். அவருக்கு மதுரை தூரம், கொழும்பு பக்கம். தங்கச்சிமடத்து அத்தை அந்த இரவைப் பற்றிப் பேசினால் புயலைப் பற்றிப் பேசமாட்டார். மறுநாள் செய்தி வராததைப் பற்றித்தான் பேசுவார். யார் போனார்கள், யார் இருக்கிறார்கள் என்று சொல்ல ஆளில்லை, பாலமும் போய்விட்டது.

நடைமுறை விஷயங்கள்: முனையில் குளிக்க வேண்டாம், இழுக்கும். வடக்குப் பக்கத்தைப் பெண் கடல், தெற்கை ஆண் கடல் என்பார்கள். இரண்டும் ஒரே நாளில் ஒரே குணத்தில் இருக்காது. சாயங்காலம் ஆனதும் போலீஸ் எல்லோரையும் கிளப்பிவிடும், அதனால் சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். கீற்றுக் கொட்டகையில் பொரித்த மீன் நன்றாக இருக்கும், விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள். கேட்காமல் உட்கார்ந்து என் மச்சான் கட்டிய பில்லை வைத்து நாங்கள் இன்னமும் அவனை ஓட்டுகிறோம்.

23.11.2025, இரவு

"முனையிலிருந்து இலங்கை தெரியுமாமே?" தெரியாது. உங்கள் போன்தான் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு வரவேற்கும். ரோமிங்கை அணைத்து வையுங்கள். ராமர் பாலமும் கரையிலிருந்து பாலம் மாதிரி தெரியாது, அவை கடலுக்குள் கிடக்கும் மணல் திட்டுகள்.

24.11.2025

ரயில் இன்னும் பழைய பாம்பன் பாலத்தில்தான் போகிறது என்று எழுதிய நண்பருக்கு ஒரு திருத்தம். ரயில் இப்போது 1914 பாலத்தில் போகவில்லை. பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று புதுப்பாலம் திறந்தார்கள். பழையதில் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து கை தூக்கும். புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் போல நேராக மேலே போகும். நீங்கள் காரில் போவது 1988-ல் திறந்த இந்திரா காந்தி பாலம். அங்கிருந்து ரயில் பாலம் நன்றாகத் தெரியும். வண்டியை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை, எல்லோரும் நிறுத்துகிறார்கள். பிள்ளைகளை மட்டும் ரோட்டுப் பக்கம் விடாதீர்கள்.

பழைய பாலம் 1964-ல் சிதைந்தபோது 46 நாளில் சரிசெய்தார்கள். அந்தப் பொறுப்பில் இருந்த இளம் பொறியாளர் ஸ்ரீதரன்தான் பின்னால் டெல்லி மெட்ரோ கட்டியவர்.

30.11.2025

மழை பார்த்தீர்களா? டிசம்பர் என்பதால் சொல்கிறேன், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் தீவுத் திட்டத்தை ஒரு நாள் தள்ளுங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தண்ணியில்லாக் காடு என்று பேர் எடுத்த மாவட்டத்தில் இப்படியும் நடக்கும்.

நல்ல பக்கம்: மழை பெய்தால் கண்மாய் நிறையும், பறவை வரும். ஊரை ஒட்டியே சக்கரக்கோட்டைக் கண்மாய் இருக்கிறது, 2025-ல் ராம்சர் பட்டியலில் (முக்கியமான ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியல்) சேர்ந்தது. கூழைக்கடாவும் நாரையும் இறங்கினால் காலையில் காபி குடித்துவிட்டுப் போய்ப் பார்த்து, பத்து மணிக்கு அரண்மனைக்குத் திரும்பலாம். வழியில் பனங்கிழங்கு விற்பார்கள். பதநீர், நுங்கு கேட்காதீர்கள், பருவம் இல்லை.

2.12.2025

இன்னொரு தரம் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் வருவது சனி, ஞாயிறு அடங்கிய விடுமுறை வாரம். அப்படியென்றால் தீவை வார நாளில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவே முதல் நாளாக அமைந்தாலும் பரவாயில்லை. விடுமுறைக் கூட்டத்தில் பாலத்தில் மாட்டினால் அரண்மனைத் தத்துவம் எதுவும் உதவாது. ஒரே நிபந்தனை, குந்துகாலைத் தவிர்க்காதீர்கள். சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் இறங்கினார். அவரை அனுப்பிவைக்க உதவிய பாஸ்கர சேதுபதி நேரில் வந்து வரவேற்றார். ஊருக்குள் வந்தபோது குதிரையை அவிழ்த்துவிட்டு அரசரே வண்டியை இழுத்தார் என்பார்கள். இதைக் குந்துகால் நினைவிடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால், மறுநாள் அரண்மனையில் "அந்த வண்டி எங்கே" என்று அவர்களே கேட்பார்கள். வண்டி இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கலாம் நினைவிடம் பேய்க்கரும்பில், ராமேஸ்வரம் ரோட்டிலேயே வருகிறது. ஏவுகணை மாதிரிகளைப் பார்த்துப் பெரியவன் நகரமாட்டான். நேரத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் அரண்மனை முடிந்து திருப்புல்லாணி. ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கும் சன்னிதி, அம்மாவுக்குப் பிடிக்கும். பாயசப் பிரசாதம் பேர் போனது. அங்கிருந்து சேதுக்கரை பக்கம்தான். மாலையில் கீழக்கரை. தேவிபட்டினம் நவபாஷாணம் எதிர்த்திசையில் இருக்கிறது, விடுங்கள்.

29.12.2025

வந்துவிட்டுப் போனதைப் படித்தேன். அம்மா 22-ம் ஆடிவிட்டார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தொப்பிக்காரனைச் சின்னவள் முதலில் கண்டுபிடித்தாள் என்பதுதான் செய்தி. ரூம் பற்றிய புகார் நியாயம்தான், உப்புத் தண்ணீருக்கு என்னிடம் மருந்தில்லை. சோப்பு நுரைக்காது, நாங்கள் பழகிவிட்டோம்.

ஆபீஸ் நண்பர் பொங்கலுக்குத் தொண்டிப் பக்கம் போகிறாராமே. அவருக்குச் சொல்லுங்கள்: ஓரியூரைப் பார்த்துவிட்டுக் காரங்காடு போகலாம். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறைப் படகு, ஊர்ப் பெண்கள் சமைக்கும் நண்டும் மீனும். படகு உண்டா என்று காலையிலேயே கேட்டுக்கொண்டு கிளம்பட்டும். சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், போய் நின்றவுடன் கிடைக்காது.